உசனார் மாமாவின் வாயும் வண்டியும்

என் மாமனார் உசனார் ஒரு நாள் பகல் எங்கள் படுக்கையறைக்குள் நேரே நடந்து வந்து, போட்டிருந்த சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நான் படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். காதில் போன். கட்டாரில் இருக்கும் தன் மச்சானோடு யாரோ விற்ற ஒரு மாட்டைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். என்னை அவர் கவனிக்கவே இல்லை. நான் இடுப்புச் சாரனை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றேன்.

மருமகனின் படுக்கையறைக்குள் மாமனார் நுழைவது எங்கள் ஓட்டமாவடியில் நடக்கிற காரியமில்லை. அதிலும் உசனார் மாமா மரியாதைக்காரர். வாசலில் நின்று தொண்டையைச் செருமி, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் உள்ளே இருக்கிறேன் என்று தெரிந்தால், "பொறகு வாறன்" என்று திரும்பிப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் உள் பனியனோடு என் கட்டிலில் இருந்தார்.

"மாமா" என்றேன்.

நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. அலுமாரியைப் பார்த்தார், யன்னல் திரையைப் பார்த்தார், தான் சேட்டு மாட்டிய ஆணியைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"மருமகன், நான் இஞ்சயா வந்த?"

அவர் வந்த வழியைச் சொன்னால் அந்தப் பிழை எப்படி நடந்தது என்று விளங்கும். எங்கள் பக்கம் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாமாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் றுமானாவை நான் கட்டியபோது, மாமாவும் மாமியும் அதுவரை குடியிருந்த வீட்டை எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் இன்னொரு வீடு கட்டிப் போனார்கள். இளையவள் ஸுஹைனாவுக்குக் கலியாணம் வந்தது, அந்த வீடும் போனது. இப்போது இருவரும் வளவின் பின்பக்கம் இரண்டு அறையுள்ள சின்ன வீட்டில் இருக்கிறார்கள். ஒரே கேற்றால் உள்ளே வந்து மூன்று வீட்டுக்குப் பிரிய வேண்டும். அன்று பள்ளியில் பகல் லுஹர் தொழுதுவிட்டு, போனில் பேசிக்கொண்டே வந்த மனிதரைக் கால்கள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த பழைய வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டன. நான் படுத்திருந்த அறை ஒரு காலத்தில் அவருடைய அறை. அந்த ஆணி அவர் அடித்த ஆணி.

முதலில் சிரித்தோம். நானும் றுமானாவும் சிரித்தோம், மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மாமாவே சொல்லிச் சமாளித்தார். ஸுஹைனா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பாடசாலையில் படிப்பிக்கிறவள், எதற்கும் போனைத் திறந்து வாசிக்கிறவள்.

"சிரிக்காதீங்க. மறதி நோய் இப்படித்தான் தொடங்குமாம். வாப்பா வேன் ஓடுறாரு. அதுல எத்தின பேர்ட உயிர் கிடக்கு."

அதோடு சிரிப்பு நின்றது.

உசனார் மாமாவைப் பற்றிச் சொல்வதென்றால் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் அந்த வாயால் ஒரு பஸ் நிறைந்த சனத்தையே கரை சேர்த்தவர். மீசை முளைக்கிற வயதில் பொலன்னறுவை பஸ்ஸில் கொண்டக்டராக ஏறினார். பிறகு அதே பஸ்ஸின் டிரைவரானார். தலை நரைக்கும்வரை அதே ரோட்டில் ஓடினார். சண்டைக் காலத்தில் புனானைக்கும் வெலிகந்தைக்கும் இடையில் காடும் ஆமி சென்ட்ரியும்தான். சனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிற அந்த இடத்தில்தான் இவர் கதை தொடங்குவாராம். கண் ரோட்டில், கை ஸ்டியரிங்கில், கால் பிரேக்கில், வாய் மட்டும் பின்னால் இருக்கிற சனத்துக்கு. கையும் காலும் வாயும் ஒன்றையொன்று கேட்காமல் தன் தன் பாட்டில் வேலை பார்த்த காலம் அது.

பஸ் முதலாளி பஸ்ஸை விற்றபிறகு, மாமா ஒரு பழைய டொல்பின் வேன் வாங்கினார். விடிந்ததும் ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பெண்களை ஏற்றுவார். கிரான், சந்திவெளி என்று வழியில் நிற்பவர்களையும் எடுத்துக்கொண்டு, தன்னாமுனைப் பக்கம் உள்ள உடுப்புத் தைக்கிற ஒரு கார்மென்ட்டில் இறக்குவார். பின்னேரம் திரும்பக் கொண்டுவருவார். முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் கலந்த வேன். எல்லாருக்கும் அவர் உசனார் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். ஏசி போட்ட புது வேன் ஒன்று இதே ரோட்டில் ஓடத் தொடங்கியபோதும் இந்தப் பிள்ளைகள் அசையவில்லை. அங்கே காற்றுக் குளிராக வரும், இங்கே கதை சுடச்சுட வரும். மனிதரிடம் ஒரு தந்திரமும் இருந்தது. ஏறாவூர் தாண்டும்போது கதையை உச்சத்துக்குக் கொண்டுவந்து, கார்மென்ட் வாசலில் பிரேக்கை அழுத்தி, "மிச்சம் பின்னேரம்" என்பார். பிள்ளைகள் ஏசிக்கொண்டே இறங்குவார்கள்.

ஸுஹைனா விசாரிக்கத் தொடங்கினாள். அவளோடு படித்த ஒருத்தி அந்த வேனில் போகிறவள். அவளிடமிருந்து இரண்டு சங்கதி வெளியே வந்தது. ஒன்று, சந்திவெளியில் ஏறுகிற பிரஷாந்தி என்ற பிள்ளையை மாமா ஒரு நாள் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் குடையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்திருக்கிறாள். இரண்டாவது, கும்புறுமூலையில் ரோட்டில் நின்ற மாட்டுக்கு மாமா பிந்தித்தான் பிரேக் போட்டார். மாட்டின் வாலில் வேன் முட்டி நின்றதாம். இரண்டு தடவையும் அவர் கதையின் உச்சத்தில் இருந்தாராம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் இரண்டு மகள்களும் பின்வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். ஸுஹைனா சுற்றி வளைக்காமல் வண்டிச் சாவியைக் கேட்டாள்.

"வாப்பா, வேன்ட திறப்பத் தாங்க."

மாமா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"இந்தத் திறப்ப வாங்கினா என்னக் கபுறுக்குழில வெச்ச மாதிரித்தான் மகள்" என்றார். குரல் மெதுவாக வந்தது. "நான் வேற என்ன செய்யிற? தொழப் பள்ளிக்குப் போற, வாற, படுக்கிற. அதுக்கா நான் இன்னும் உசிரோட இருக்கன்?"

றுமானா அழுதாள். ஸுஹைனாவுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்று யார் மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "முதல்ல ஒரு டொக்டரக் காட்டுவம். அதுக்குப் பொறகு முடிவெடுப்பம்" என்றேன். அந்த நேரத்துக்கு அதுதான் வழியாகத் தெரிந்தது.

மட்டக்களப்பு டவுனில் வயதானவர்களைப் பார்க்கிற டொக்டர் ஒருவர் இருக்கிறார், கம்சாயினி என்று பெயர். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டாவது தடவை போனபோது டொக்டர் சில சொற்களைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார். மணிக்கூடு வரையச் சொன்னார். இன்றைக்கு என்ன கிழமை, நாட்டின் தலைநகரம் எது என்றெல்லாம் கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதையும் சொன்னார்.

பிறகு டொக்டர் அவரை வெளியே நீண்ட நடைபாதைக்குக் கூட்டிப் போனார்.

"ஐயா, இதில நடந்துகொண்டே, ஓட்டமாவடியில இருந்து பொலன்னறுவை வரைக்கும் பஸ் நிக்கிற பெரிய இடங்களச் சொல்லுங்க பாப்பம்."

மாமா கையை வீசி நடந்தார். "ஓட்டமாவடி, நாவலடி, றிதிதென்ன, புனானை, வெலிகந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை." நடையும் பிசகவில்லை, நாக்கும் பிசகவில்லை.

"இனி அங்க இருந்து இஞ்சால."

அதையும் மளமளவென்று சொல்லி முடித்தார். "பஸ் திரும்பியும் வரும்தானே டொக்டர்" என்று ஒரு சிரிப்பும் சிரித்தார். டொக்டரும் சிரித்துவிட்டார்.

"சரி, அது உங்களுக்குப் பழக்கம். இப்ப ஒண்ட விட்டு ஒண்டு சொல்லுங்க. நடக்கிறத நிப்பாட்டக்கூடாது."

"ஓட்டமாவடி" என்று இரண்டு அடி வைத்தார். "றிதிதென்ன" என்று சொல்ல வேண்டிய இடத்தில் கால் நின்றது. நின்று யோசித்துச் சொன்னார். சொன்ன பிறகுதான் அடுத்த அடி வந்தது. "வெலிகந்தை"க்கு மறுபடியும் நின்றார். ஒரு கை தானாகவே சுவரைத் தேடிப் பிடித்தது. தான் நின்றுவிட்டது அவருக்கே தெரியவில்லை. நாற்பது வருடம் பேசிக்கொண்டே பஸ் ஓட்டிய மனிதர், ஒரு ஊரின் பெயரை யோசிக்க நடையை நிறுத்த வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது துக்கமாக வந்தது.

அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் டொக்டர் முதலில் நல்ல செய்தியைச் சொன்னார்.

"மறதி நோய் எண்டு சொல்றத்துக்கு ஒண்டும் இல்ல. ஆறு மாசத்தால திரும்ப வாங்க, பாப்பம். இது வயசு."

"வயசெண்டா?" என்றார் மாமா.

"ஒரு கலியாண வீட்டுக் குசினிய நினைச்சுப் பாருங்க ஐயா. இளமையில மூளை அப்படித்தான். ஒரு ஆள் தேங்காய் திருவுவார், ஒரு ஆள் வெங்காயம் உரிப்பார், ஒரு ஆள் அடுப்பப் பாப்பார். ஒருத்தர்ட வேலையில மற்றவர் தலையிட மாட்டார். அதனால நாலு வேலையும் ஒரே நேரத்தில நடக்கும். வயசு போனா, தேங்காய் திருவ ஒரு ஆளால ஏலாம, வெங்காயக்காரரும் அடுப்புக்காரரும் எழும்பி அங்க போயிடுவாங்க. எல்லாரும் சேர்ந்து திருவுவாங்க. தேங்காய் நல்லாத்தான் திருவுப்படும். ஆனா அந்த நேரம் அடுப்பப் பாக்க ஆள் இல்ல."

மாமா யோசித்தார். "அப்ப அவங்க உதவிக்குத்தானே வாறாங்க?"

"அதில ரெண்டு கதை இருக்கு. உதவிக்குத்தான் வாறாங்க எண்டு சில ஆராய்ச்சிக்காரர் சொல்றாங்க. இல்ல, நடுவில இருந்த மறைப்பு விழுந்துபோய், தன்ட வேலை எது எண்டு தெரியாமத்தான் வாறாங்க எண்டு வேற சிலர் சொல்றாங்க. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் சரியா இருக்கலாம். உங்களுக்கு நான் சொல்றது ஒண்டுதான். ஒரு நேரத்தில ஒரு வேலை. அப்படிச் செஞ்சா நீங்க கெட்டிக்காரர். ரெண்டாவது வேலை சேர்ந்தாத்தான் வில்லங்கம்."

"வீடு மாறிப் போனது?" என்று நான் கேட்டேன். மாட்டுப் பேச்சில் அவர் அறை மாறி வந்ததை முதலிலேயே டொக்டரிடம் சொல்லியிருந்தோம்.

"அதுவும் இதுதான். மூளையெல்லாம் மாட்டுக் கதைக்குப் போயிட்டு. கால் தனக்குப் பழகின வழியில போயிட்டு."

நான் வாய்க்குள் சிரித்ததை டொக்டர் பார்த்துவிட்டார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். போன் திருத்துகிற கடை என்றேன். திருத்திக்கொண்டே போன் பேசுவேன், வந்தவரோடு விலையும் பேசுவேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "ரெண்டு வேலையும் ஒண்டா நடக்கிற மாதிரித் தெரியும் தம்பி. மூளை இஞ்சயும் அங்கயும் ஓடித்தான் பாக்குது. உங்களுக்கு இப்ப ஓட்டம் கெதி, அவ்வளவுதான்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

மாமா கடைசியில்தான் தன் கேள்வியைக் கேட்டார். "வேன் ஓடலாமா டொக்டர்?"

"ஓடலாம். கண் நல்லா இருக்கு, கை கால் நல்லா இருக்கு. ஆனா ஓடக்குள்ள கதைக்கப்படாது. போனும் கூடாது, கதையும் கூடாது."

திரும்பி வருகிற வழியில் நான்தான் ஓட்டினேன். ஏறாவூர் தாண்டும்வரை மாமா பேசவில்லை. பிறகு, "வாயப் பொத்திட்டு ஓடுறத்துக்கு நான் என்ன, கல்லு லொறியா ஓடுற?" என்றார்.

டொக்டர் சொன்னதை மகள்களிடம் சொன்னேன். ஸுஹைனா யோசித்து ஒரு நிபந்தனை போட்டாள். நோன்பு தொடங்கும்வரை நான் தினமும் வேனில் முன் சீட்டில் போக வேண்டும். வேன் ஓடும்போது வாப்பா ஒரு கதை சொன்னாலும் திறப்பை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும். மாமா தலையை ஆட்டினார். என் கடையைக் காலையில் பிந்தித் திறப்பதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. மருமகன் என்றால் அப்படித்தான்.

முதல் நாள் பிள்ளைகள் ஏறியதும், "காக்கா, அந்த மாப்பிள்ளைக்கு என்ன நடந்த?" என்று கேட்டார்கள். தன் கலியாணத்துக்கே பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு மாப்பிள்ளையின் கதை பாதியில் நின்றிருந்தது. மாமா கண்ணாடியில் அவர்களைப் பார்க்கவும் இல்லை. கியரைப் போட்டார், ஓட்டினார். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வந்தாறுமூலை வரும்போது வேனுக்குள் மௌத்து வீட்டின் துக்க அமைதி.

காரணத்தைச் சொல்லுங்கள் என்று நான் மாமாவிடம் எத்தனையோ தரம் சொன்னேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். வயது போய்விட்டது என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல அவருக்கு வெட்கம். அதற்குப் பதிலாக வாய் நிறைய வெற்றிலை போட்டுப் பார்த்தார். வெற்றிலை வாயை அடைத்தது உண்மைதான், ஆனால் துப்புவதற்கு யன்னலைத் தேடியதில் கண் ரோட்டை விட்டுப் போனது. அதையும் விட்டார். நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். ரோட்டோரம் ஏதாவது புதினம் கண்டால் நாக்கு உதட்டுக்குள் புரளும். புருவம் மட்டும் ஏறி இறங்கும். சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

பிள்ளைகள் வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்கள். காக்காவுக்குக் கோபம் என்றாள் ஒருத்தி. பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டதா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டாள் இன்னொருத்தி. சில நாளில் இரண்டு பேர் ஏசி வேனுக்கு மாறிவிட்டார்கள். மாமா அந்த இரண்டு வெறும் சீட்டையும் கண்ணாடியில் பார்த்தார். அன்று திரும்பி வந்து வேனைக் கழுவும்போது என்னிடம், "நாளைக்கு நான் கதைக்கப் போறன் மருமகன். திறப்பு போனாப் போகட்டும்" என்றார். எனக்கும் அவர் பேச வேண்டும் என்றுதான் ஆசை. அதே நேரம் பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வண்டியை எடுத்தார். கிரான் போனது, சந்திவெளி போனது. பிரஷாந்தி ஏறி எனக்குப் பின் சீட்டில் இருந்தாள். வந்தாறுமூலை தாண்டியதும் மாமா, "அந்த மாப்பிள்ளை இரிக்கானே…" என்று தொடங்கினார். பின்னால் ஒரு சந்தோசச் சத்தம் எழும்பியது. ஸுஹைனாவிடம் இதை எப்படிச் சொல்லப் போகிறேன் என்று நான் யோசித்தேன்.

அந்த நேரம்தான் பிரஷாந்தியின் போன் அடித்தது. எடுத்தாள். ஒரு நிமிடமும் ஆகவில்லை, "அம்மா!" என்று கத்தினாள்.

வேன் முழுக்க எழும்பியது. "காக்கா! காக்கா!" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். நாங்கள் செங்கலடிச் சந்திக்குள் நுழைந்துகொண்டிருந்தோம். பதுளை ரோட்டிலிருந்து நெல்லு மூட்டை ஏற்றிய ஒரு லொறி எங்கள் முன்னால் திரும்பிக்கொண்டிருந்தது. மாமாவின் கழுத்து பின்னால் திரும்பத் தொடங்கியதை நான் கண்டேன். வழக்கமாக அவர் அப்படித்தான் செய்வார். அழுகிற பிள்ளை பின்னால் இருக்கும்போது அவரால் திரும்பாமல் இருக்க முடியாது. நான் முன்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

கழுத்து பாதியில் நின்றது. முகம் திரும்ப ரோட்டுக்கு வந்தது. மாப்பிள்ளைக் கதையும் அந்த இடத்திலேயே நின்றது. லொறி போக விட்டார். ஒரு சைக்கிள்காரரைப் போக விட்டார். பின்னால் அவ்வளவு அழுகை கேட்டும் ஒரு சொல் சொல்லாமல் சந்தியைத் தாண்டினார். இடப்பக்கம் சிக்னல் போட்டு, ஒரு வாகை மர நிழலில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், என்ஜினை நிறுத்தினார், திறப்பைக் கழற்றிச் சேட்டுப் பையில் போட்டார். பிறகு இறங்கிச் சுற்றி வந்து, பக்கக் கதவை இழுத்துத் திறந்து, பிரஷாந்திக்கு நேரே படியில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு புள்ள. என்ன நடந்த?"

"அம்மா வட்டையில விழுந்துட்டாவாம் காக்கா. பேச்சு மூச்சு இல்லையாம்."

அவளுடைய அம்மா பழுகாமத்தில் அவள் அண்ணனின் வீட்டில் இருக்கிறார். வயலுக்குப் போன இடத்தில் விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுப் பெண் போன் எடுத்திருக்கிறாள். விழுந்ததை அவள் கண்டாளா என்று மாமா கேட்டார். காணவில்லை. அண்ணனோடு பேசினாயா என்று கேட்டார். பேசவில்லை. "அப்ப அண்ணனுக்கு எடு. கை நடுங்கினா என்னட்டத் தா. அவசரம் இல்ல, நான் இஞ்சதான் இரிக்கன்." இரண்டாம் தடவைதான் லைன் கிடைத்தது. வரம்பில் வழுக்கி விழுந்து மயங்கிய தாய் இப்போது கண் திறந்துவிட்டார், மணிக்கட்டு முறிந்திருக்கிறது, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றான் அண்ணன். பிரஷாந்தி போனைக் கீழே விட்டுவிட்டு விம்மினாள். மாமா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார். பிறகு மெதுவாகப் பேசினார். கை முறிந்து பஸ்ஸில் வந்த பெண்ணைப் பற்றி, முறிவு பொருந்தின பிறகு அவள் முன்பைவிடப் பலமாக நெல்லுக் குத்தியதைப் பற்றி. பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அவள் அழுகை தணிந்தது.

அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எத்தனையோ வருடம் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறேன். எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுவார், கண்ணாடியில் பாதிக் கண்தான் தெரியும். இன்றைக்கு அவருடைய கண், காது, கை எல்லாம் அந்த ஒரு பிள்ளையிடம் இருந்தன. டொக்டர் சொன்ன குசினி ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்துக்கு ஓடி வருவது இதுதான் போலும் என்று நினைத்தேன். எனக்கு அவர் மீது அப்போது வந்த அன்பை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

அவர் எழும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"எனக்கு வயசு போயிட்டு புள்ளையள். ஓடக்குள்ள கதைக்க ஏலா. டொக்டர் சொன்ன. நேற்று வரைக்கும் அதச் சொல்ல வெட்கத்துல வாயப் பொத்திட்டு இருந்த. இண்டைக்கும் கதைக்கத்தான் வந்த. அந்த லொறியக் கண்டீங்கதானே. இனி கதைக்கிறெண்டா வண்டிய நிப்பாட்டித்தான் கதைப்பன்."

பிறகு பின் சீட்டில் இருந்த வாழைச்சேனைப் பிள்ளை, "அதுக்கென்ன காக்கா, நாங்க ஐஞ்சு நிமிசம் முந்தி வாறம்" என்றாள்.

கார்மென்ட்டுக்குப் பிந்தித்தான் போனோம். வாசலில் நின்ற சுப்பவைசர் கையை நீட்டி நீட்டி ஏசினார். மாமா அவருக்குப் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, பிரஷாந்தியை நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தாய் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார். மகளைக் கண்டதும், வேலையை விட்டுவிட்டு ஏன் வந்தாய் என்று ஏசினார். அதைக் கேட்டபிறகுதான் மாமா சிரித்தார்.

அன்று பின்னேரம் பிள்ளைகள் வேலை விட்டு வந்து ஏறி உட்கார்ந்தபிறகு, திறப்பைப் போடாமலே மாமா பின்னால் திரும்பி, அந்த மாப்பிள்ளையின் கதையை முடித்து வைத்தார். அதன் பிறகுதான் வண்டி நகர்ந்தது. ஏசி வேனுக்குப் போன இருவரில் ஒருத்தி வெளியே யன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள்கள் இருவரையும் இருத்தி நடந்ததை எல்லாம் சொன்னேன். வந்தாறுமூலையில் மாமா கதை தொடங்கியதையும் மறைக்கவில்லை. நிபந்தனைப்படி பார்த்தால் திறப்பு அப்போதே ஸுஹைனாவுடையது. அவள், "லொறிக்கு நிப்பாட்டினதானே?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். "அப்ப வாப்பாட்டயே இரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அந்தச் செய்தியைச் சொல்லத்தான் நான் பின்வீட்டுக்குப் போனேன். மாமா அடுப்படி வாசலில் கதிரை போட்டு இருந்தார். மாமி உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் எப்போதும் இருக்கிற காட்சிதான். மாமா பகல் முழுக்க ஊருக்குப் பேசிவிட்டு வருவார். வீட்டுக்கு வரும்போது பேச்செல்லாம் தீர்ந்து போயிருக்கும். தேத்தண்ணி குடிப்பார், கண்ணை மூடுவார். உங்கள் வாப்பா எனக்கு மட்டும் ஊமை என்று மாமி ஒரு தரம் றுமானாவிடம் சொன்னாராம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம்.

இன்றைக்கு மாமா கண்ணை மூடவில்லை. எத்தனையோ நாள் ரோட்டில் சொல்லாமல் விழுங்கியது எல்லாம் உள்ளே கிடந்திருக்க வேண்டும்.

"இஞ்ச, இண்டைக்கு அந்தச் சந்திவெளிப் புள்ள இரிக்கிதே…" என்று தொடங்கினார்.

மாமியின் கத்தி நின்றது. அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது.

"கொஞ்சம் இருங்க. மீனயும் வெட்டி உங்கட கதையயும் கேக்க எனக்கு ஏலா."

கத்தியை வைத்தார். பூனை வராமல் மீனை மூடினார். கை கழுவி, பைப்பை இறுக்கிப் பூட்டி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாமாவின் முகத்துக்கு நேரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க. முதல்ல இருந்து சொல்லுங்க."

"முதல்ல இருந்தெண்டா? காலையில இருந்தா?"

"இல்ல" என்றார் மாமி. "நம்மட கலியாணம் முடிஞ்சு நீங்க பஸ் ஓடப் போன முதல் நாள்ல இருந்து."